மாமி சொன்ன “பார்ப்பம்”

விருந்தாளி வரும் செய்தி வீட்டு ஆணுக்கு முதலில் கிடைக்கிறது. அந்த விருந்தின் பாரம் வீட்டுப் பெண்ணின் தோளில் முதலில் ஏறுகிறது. நமது வீடுகளில் இது பழகிப்போன ஒரு காரியம். பதினெட்டு வருடங்களாக அரபுக் கல்லூரியில் விருந்தோம்பல் பற்றிய ஹதீஸ்களை ஓதிக்கொடுத்து வருகின்ற நானும் இதற்கு விலக்கல்ல என்பதை ஒப்புக்கொண்டே இதை எழுதத் தொடங்குகிறேன். சகோதரிகள் மன்னிக்க வேண்டும்.

2023ஆம் ஆண்டு ஜூலை மாதம். லுஹர் தொழுதுவிட்டு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தபோது தங்கை தொலைபேசியில் பேசினாள். அவள் கணவனோடும் பிள்ளைகளோடும் பிரான்ஸின் தெற்குக் கரையிலுள்ள மார்ஸெய்ல் என்ற துறைமுக நகரில் வாழ்கிறாள். அங்கே ஜூலை தொடக்கம் ஆகஸ்ட் முடியும்வரை பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை. ஆனால் கணவன், மனைவி இருவருக்கும் வேலையில் லீவு கிடைக்கவில்லை.

“காக்கா, பிள்ளைகள் மூணு பேரையும் ஆகஸ்டில மூணு கிழமைக்கு உங்கட வீட்ட அனுப்பட்டா? ஊரையும் தெரிஞ்சிக்கிடுவாங்க, தமிழும் வரும்.”

“இதென்ன கேள்வி புள்ள? அனுப்பு!”

அரை நிமிடத்தில் பேச்சு முடிந்தது. மனம் நிறைந்த மகிழ்ச்சியோடு வீட்டுக்குள் போனேன்.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். என் வீடு என்று நான் ஊருக்குச் சொல்லிக்கொள்ளும் வீடு என்னுடையது அல்ல. கிழக்கு மாகாண முஸ்லிம்களின் வழக்கம் வாசகிகளில் பலருக்குத் தெரிந்ததே. பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு அழைத்து வைக்கிறோம். கிண்ணியாவில் நான் குடியிருக்கும் வீட்டின் உறுதி என் மனைவியின் பெயரில் இருக்கிறது. (சீதன வீடு மார்க்கத்தில் சரியா என்பது தனியாகப் பேச வேண்டியது, அதை இங்கே கிளறவில்லை.) பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி பெற்று, வீட்டாருக்கு ஸலாம் சொல்ல வேண்டும் என்ற சூரத்துந் நூரின் கட்டளையை வருடா வருடம் மாணவர்களுக்கு விளக்குகிறவன் நான். அப்படிப்பட்டவன், அவளுடைய வீட்டுக்குள் மூன்று பேரை மூன்று கிழமைக்கு வரச் சொல்லிவிட்டு, அஸருக்குப் பிறகு தேநீர் குடிக்கும்போதுதான் அவளிடம் சொன்னேன்.

“டிக்கெட் போட்டாச்சா?” என்று கேட்டாள்.

“இன்னேரம் போட்டிருப்பாங்க.”

“சின்னவனுக்கு எத்தனை வயசு?”

“பதினொண்டு. மூத்தவனுக்குப் பதினேழு. நடுவில உள்ள புள்ளைக்குப் பதினாலு.”

அவள் வேறொன்றும் பேசவில்லை. எழுந்து உள்ளே போய் அலுமாரியைத் திறந்து தலையணைகளை எண்ணினாள். அந்த எண்ணிக்கையின் ஓசை எனக்கு அன்று கேட்கவில்லை. பின்னால்தான் கேட்டது.

மதீனாவில் பசியோடு வந்த ஒருவரைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போன அன்ஸாரித் தோழரின் சம்பவத்தை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பிள்ளைகளைத் தூங்கவைத்து, விளக்கை அணைத்து, இருட்டில் தாமும் சாப்பிடுவது போல் காட்டி, இருந்த உணவை விருந்தாளிக்கே கொடுத்தார்கள். அந்தத் தோழரின் தியாகம் என்றுதான் மிம்பர்களில் இதைச் சொல்லி வருகிறோம். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் அறிவிப்பைக் கவனித்துப் படித்தால் இரண்டு செய்திகள் கண்ணில் படும். வீட்டுக்கு வந்ததும் அவர் தம் மனைவியிடம், உன்னிடம் ஏதும் இருக்கிறதா என்று முதலில் கேட்கிறார். பிள்ளைகளின் உணவைத் தவிர வேறில்லை என்று அவர் பதில் சொன்ன பிறகே மற்ற ஏற்பாடுகள் நடக்கின்றன. இன்னொரு அறிவிப்பில், விளக்கைச் சரிசெய்வது போல் எழுந்து அதை அணைத்தவரும் அந்தப் பெண்மணிதான். கேட்டவர் கணவர், செய்து முடித்தவர் மனைவி. நான் கேட்கவும் இல்லை.

ஆகஸ்ட் 8ஆம் திகதி கட்டுநாயக்காவில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வானில் புறப்பட்டோம். ஹபரணைக்கு அப்பால் வீதியோரத்தில் யானை நின்றதைப் பார்த்துச் சின்னவன் எழும்பிக் கத்தினான். கந்தளாயில் தயிர்ச் சட்டி வாங்கினோம். சூரியன் சாயும் நேரத்தில் கிண்ணியாப் பாலத்தைக் கடந்தோம். 2009இல் அந்தப் பாலம் திறக்கப்படும்வரை இந்த நீரைப் ‘பாதை’யில் ஏறித்தான் கடப்போம் என்று நான் சொன்னதும், பாதை நீரில் எப்படி மிதக்கும் என்று மூத்தவன் கேட்டான். அவன் கேட்டது சரிதான். மிதவைப் படகுக்குப் பாதை என்று பெயர் வைத்தவர்கள் நாம்.

வாசலில் முதல் சோதனை காத்திருந்தது. ஸலாம் சொன்ன மூத்தவன், மாமியின் கன்னத்தோடு கன்னம் வைக்க முன்னால் குனிந்தான். பிரான்ஸில் ஆணும் பெண்ணும் சந்தித்தால் அப்படித்தான் முகமன். வீட்டுப் பெரியவர்களுக்கு அதைச் செய்யாவிட்டால் மரியாதைக் குறைவு. அவன் மரியாதையோடுதான் வந்தான். மாமனின் மனைவி மஹ்ரம் அல்ல என்பது அவனுக்கு யாரும் சொல்லித் தராத பாடம். என் மனைவி பதறிப் பின்வாங்கினாள். பையனின் முகம் சிவந்துபோனது. நான் ஃபத்வாவைத் தேடிக்கொண்டிருந்த அந்த நொடியில் அவள் வலக்கையைத் தன் நெஞ்சில் வைத்துச் சிரித்தாள். “வாங்க மகன், வாங்க.” அவனும் உடனே தன் கையை நெஞ்சில் வைத்தான். மார்ஸெய்லில் அல்ஜீரியா, மொரோக்கோ, துனீசியாவிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். தன் கூட்டாளிகளின் உம்மாமார் அப்படித்தான் ஸலாம் சொல்வார்கள் என்று பிறகு சொன்னான். மூன்று கிழமையும் அதுவே அவர்களுக்கிடையிலான முகமன் ஆனது. ஊரை விட்டு அனுப்புமுன்பே தங்கை இதைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். நானும் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். இருவருமே கூச்சப்பட்டு விட்டுவிட்டோம்.

முதல் மூன்று நாட்களும் மேசையில் இடம் இல்லை. இடியப்பம், சொதி, பிட்டு, கணவாய்க் கறி, நண்டுக் கறி, பொரித்த பாறை மீன், கோழி, வட்டிலப்பம். பிள்ளைகள் பயந்தே போனார்கள். மிளகாய் பட்டு மகளின் கண்ணில் நீர் வந்தது. கொடுத்ததை மறுக்கக் கூடாதென்று குடித்து விழுங்கினாள். சின்னவன் மூன்று நாளும் வாழைப்பழத்திலும் அவித்த முட்டையிலும் உயிர் வாழ்ந்தான். யாரும் கேட்காத எட்டுக் கறிகளைச் சமைத்து என் மனைவிக்கு முதுகு வலி வந்ததுதான் மிச்சம்.

நான்காம் நாள் சுபஹுக்குப் பிறகு அவள் அடுப்படியிலிருந்து வந்து சொன்னாள். “விருந்து மூணு நாள்தானே? நீங்கதான் ஓதித் தாற. மூணு நாள் முடிஞ்சுது. இனி இவங்க விருந்தாளி இல்ல, வீட்டுப் புள்ளைகள்.”

புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகின்ற ஹதீஸ் அது. அல்லாஹ்வையும் மறுமையையும் நம்பியவர் விருந்தாளியைக் கண்ணியப்படுத்தட்டும் என்ற நபி (ஸல்) அவர்கள், விசேட உபசாரத்தை ஓர் இரவும் பகலும் என்றும், விருந்தோம்பலை மூன்று நாள் என்றும், அதற்குமேல் செய்வதெல்லாம் தர்மம் என்றும் அளந்து கொடுத்தார்கள். வீட்டாரைச் சங்கடப்படுத்தும் அளவுக்குத் தங்குவது விருந்தாளிக்கு ஆகுமானதல்ல என்றும் சொன்னார்கள். நம் தீவில் இந்த மூன்று நாள் கணக்கு முஸ்லிம் வீடுகளுக்கு வெளியேயும் தென்படுகிறது. 1344இல் இங்கே கரையிறங்கிய இப்னு பதூதாவை ஆரியச் சக்கரவர்த்தி மூன்று நாள் தம்மோடு வைத்து உபசரித்ததையும், பாவா ஆதம் மலைக்குப் போகப் பல்லக்கும், வழித்துணைக்கு ஆட்களும், சாமான் சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்ததையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். முஸ்லிமல்லாத ஓர் அரசர் ஒரு முஸாபிருக்குச் செய்த உபகாரம் அது.

நான்காம் நாளிலிருந்து சமையல் இரண்டு கறியாகக் குறைந்தது. சொதியும் பருப்பும் பொரித்த மீனும் எல்லோருக்கும் பொது. பிட்டில் எருமைத் தயிரும் சீனியும் போட்டுச் சாப்பிடலாம் என்று சின்னவன் தானாகவே கண்டுபிடித்தான். மூத்தவன் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு எங்கள் தட்டுகளையும் கழுவினான். எங்கள் ஒன்பது வயது மகன் வாயைப் பிளந்து நின்று பார்த்தான். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது வீட்டு வேலைகளில் ஈடுபட்டிருந்ததாக ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னதை அவன் என்னிடம் ஓதியிருக்கிறான்; அவன் கண்ணால் பார்த்ததில்லை. குற்றம் யாருடையது என்பது உங்களுக்குப் புரியும்.

படுக்கை ஒழுங்கையும் மனைவியே தீர்த்தாள். எங்களுக்கு இரண்டு குமர்ப்பிள்ளைகள். மூத்த மருமகன் அவர்களுக்கு மச்சான் முறை. ஆண் பிள்ளைகளுக்கு முன் அறை, மருமகளுக்கு எங்கள் மகள்மாரோடு உள் அறை. ஒரே குளியலறை என்பதால் நேரமும் குறிக்கப்பட்டது. கதவைத் தட்டி, பதில் வந்த பின்பே உள்ளே வர வேண்டும். ஊர்ப் பையன்களைவிட இந்தப் பையன்கள் இதைச் சரியாகக் கடைப்பிடித்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மருமகளின் விடயத்தில் நான் தவறிவிட்டேன்.

அவள் நீளச் சட்டையும் ஜீன்ஸும் உடுத்து வந்திருந்தாள். முக்காடு சில நேரம் தலையிலும் சில நேரம் தோளிலும் கிடக்கும். இரண்டாம் கிழமை, பார்க்க வந்த பெண்களில் ஒருவர் அவள் காதுபடவே, “மௌலவிட மருமகளா இது?” என்று கேட்டுவிட்டார். வெளிநாட்டுப் பிள்ளைக்குத் தமிழ் விளங்காது என்ற நினைப்பு. பேச வராவிட்டாலும் அவளுக்கு எல்லாம் விளங்கும். எழுந்து உள் அறைக்குப் போனவள் இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? வந்தவரிடம் பதில் சொல்லியிருக்க வேண்டும். மாறாக, அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு இருத்தி, ஹிஜாபின் சட்டங்களை முக்கால் மணி நேரம் விளக்கினேன். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த நாளும் மேசைக்கு வரவில்லை.

“நீங்க இருக்கிறது மத்ரஸாவிலயா, வீட்டிலயா?” என்று மட்டும் மனைவி கேட்டாள். பிறகு அவளே பிள்ளையை அடுப்படிக்குக் கூப்பிட்டு, எங்கள் மகள்மாரோடு ரொட்டி தட்ட வைத்தாள். மாவுக் கையோடு இருந்தபோதுதான் அந்தப் பிள்ளை பேசியது. மூத்த மகள் எனக்குப் பிறகு சொன்னாள்.

பிரான்ஸில் 2004 மார்ச் 15ஆம் திகதிச் சட்டப்படி, அரசாங்கப் பாடசாலைகளில் மாணவர்கள் மார்க்க அடையாளங்களை வெளிப்படையாக அணியக் கூடாது. முக்காடும் அதில் அடங்கும். காலையில் வீட்டிலிருந்து முக்காட்டோடு போகும் பெண் பிள்ளைகள், பாடசாலை வாசலில் அதைக் கழற்றிப் பையில் வைக்க வேண்டும். பின்னேரம் அதே வாசலில் நின்று மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, எல்லோரும் பார்க்க. எங்கள் பிள்ளைகளுக்கு முக்காடு என்பது பாடசாலைச் சீருடையின் ஒரு பகுதி. அதைப் போட அவர்கள் ஒரு நாளும் யோசித்ததில்லை. “வாப்பா, அவ ஒவ்வொரு நாளும் யோசிக்கிறா” என்றாள் மகள். 2018இல் நமது திருகோணமலையிலேயே ஒரு பாடசாலையில் ஆசிரியைகளின் அபாயா பற்றி எழுந்த சர்ச்சையை நாம் மறக்கவில்லை. அந்த வேதனையை அறிந்த ஊரில் வைத்துத்தான் அந்தப் பிள்ளையின் மனதை நோகடித்தோம்.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். மாமா மன்னிப்புக் கேட்பது அவளுக்குப் புதிதாக இருந்ததோ என்னவோ, அழுதுவிட்டாள்.

மூத்தவனோடு எனக்கு நட்பு உண்டானது கோட்டையில். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சீனக்குடா வழியாகத் திருகோணமலை நகருக்குப் போய், பிரட்றிக் கோட்டைக்குள் நடந்தோம். வாசலுக்குள் மான்கள் ஆட்களுக்கு அஞ்சாமல் திரிகின்றன. பையன் கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு சலிப்போடு வந்தான். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பிடித்து, ஆங்கிலேயர் ஆண்ட கதையெல்லாம் அவனுக்கு எடுபடவில்லை. “1782 ஆகஸ்ட் கடைசியில் இந்தக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தவர்கள் உங்கட பிரெஞ்சுக்காரர்” என்றேன். நிமிர்ந்து பார்த்தான். “கடற்படைத் தளபதியின் பெயர் சுஃப்ரென். புரொவான்ஸ்காரர்.” மார்ஸெய்ல் இருப்பதும் புரொவான்ஸில்தான். சாந் துரோபே என்ற கடற்கரை ஊரில் அந்தத் தளபதியின் சிலையைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னான். அவர் எந்தத் துறைமுகத்தைப் பிடித்தார் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அடுத்த வருடமே சமாதானம் பேசி, துறைமுகம் ஒல்லாந்தர் கைக்குத் திரும்பப் போனதையும், 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்ததையும் சொன்னேன். கோட்டை மதிலில் சாய்ந்து மூன்று பக்கமும் கடலைப் பார்த்துக்கொண்டே நின்றான். “அந்த மனிதரும் ஆகஸ்டில்தான் வந்திருக்கிறார்” என்றான். அதற்குப் பிறகு என்னோடு எங்கே கூப்பிட்டாலும் வந்தான். ஒரு பிள்ளைக்கு ஊரைக் காட்டுவதென்றால் அவன் நிற்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும் போலிருக்கிறது. வகுப்பில் இது எனக்குத் தெரியும், வீட்டில் மறந்துபோகிறது.

இப்போது கடலுக்கு வருகிறேன்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்க்கிழமை. அஸர் நேரம் நான் கல்லூரியில் இருந்தேன். மஃரிபுக்கு வீட்டுக்கு வந்தால் ஆண் பிள்ளைகள் இருவரும் இல்லை. மூத்தவனின் தொலைபேசி முன் அறையில் சார்ஜில் கிடந்தது. அயல் வீட்டு இளைஞர்கள் இருவர் கொட்டியாரக் குடாப் பக்கம் ஃபைபர் படகு எடுத்துப் போனதாகவும், இவர்கள் இருவரும் அதில் ஏறியதாகவும் ஒரு சிறுவன் சொன்னான். உயிர்காப்பு அங்கி யாருக்கும் இல்லை.

இந்த ஊரில் கடல் என்றால் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கிண்ணியாவில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் இன்றும் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் ஆட்களை ஏற்றிய மிதவைப் பாதை கவிழ்ந்து அன்றே 6 பேர் மௌத்தானார்கள். அதிகமானோர் பாடசாலைப் பிள்ளைகள். கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நடந்த காரியம் அது. நானும் என் மனைவியும் கரையில் நின்ற அந்த ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு வருடங்களும் கண்முன் வந்தன. தங்கைக்குத் தொலைபேசி எடுப்பதா, வேண்டாமா? எடுத்து என்ன சொல்வது? பாங்கு சொல்லும் ஓசை கேட்டும் கால் நகரவில்லை. மஃரிபைக் கரையில் மண்ணிலேயே தொழுதேன். என்ன ஓதினேன் என்று நினைவில்லை.

இஷா பாங்குக்குச் சற்று முன் வேறொரு படகு இவர்களுடைய படகைக் கட்டி இழுத்து வந்தது. நடுவில் எண்ணெய் தீர்ந்துவிட்டதாம். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றுமில்லை. சிரித்துக்கொண்டே இறங்கிய பையன்கள் எங்கள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள்.

“ஆரிட்ட கேட்டுப் போனீங்க?” என்றேன்.

“மாமிட்ட” என்றான் மூத்தவன்.

மனைவி திடுக்கிட்டாள். “நான் எப்ப மகன் போகச் சொன்ன?”

“நான் கேட்டேன், கடலுக்குப் போகட்டா எண்டு. மாமி சொன்னீங்க, பார்ப்பம்.”

சகோதரிகளே, உங்களுக்கு விளங்கியிருக்கும். ‘பார்ப்பம்’ என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம்? கல்யாணப் பேச்சில் ‘பார்ப்பம்’ என்றால் வேறு இடம் தேடுங்கள் என்று அர்த்தம். கடன் கேட்ட இடத்தில் ‘பார்ப்பம்’ என்றால் கிடையாது. கந்தோரில் ‘பார்ப்பம்’ என்றால் அடுத்த வருடம். முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்லக் கூசுகின்ற நாம் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்கிறோம். நம்மோடு வளர்ந்த பிள்ளைக்கு அது விளங்கும். உம்மாவிடம் மட்டும் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ‘பார்ப்பம்’ என்றால் பார்ப்போம். அதாவது, கடலைப் போய்ப் பார்க்கலாம். அனுமதி கேட்டு, அனுமதி கிடைத்ததாக நம்பித்தான் அவன் போயிருக்கிறான். மத்தியதரைக் கடலில் நீந்திப் பழகியவனுக்கு எங்கள் குடா குளம் போல் தெரிந்திருக்கிறது.

அன்றிரவு நான் யாரையும் ஏசவில்லை. ஏசும் தகுதி எனக்கு இல்லை. தங்கைக்கு ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்லக் கூசியவன் நான். மருமகளைப் பேசிய பெண்ணுக்குப் பதில் சொல்லக் கூசியவனும் நான்தான். சூரத்துல் அஹ்ஸாபில் ஒரு சம்பவத்துக்காக வசனம் இறங்கியது. நபி (ஸல்) அவர்களின் மணவிருந்துக்கு வந்தவர்களில் சிலர் சாப்பிட்ட பிறகும் பேசிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்து போங்கள் என்று சொல்ல நபியவர்களுக்கு வெட்கம். உண்மையைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று அந்த வசனம் தெரிவிக்கிறது. விருந்தாளிக்கு எதையும் வெளிப்படையாகச் சொல்வது மரியாதைக் குறைவு என்று நாம் நினைக்கிறோம். குர்ஆனே அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. இந்த வசனத்தை எத்தனை தடவை பாடம் நடத்தியிருப்பேன்!

மறுநாள் காலை மனைவி பிள்ளைகள் ஆறு பேரையும் திண்ணையில் இருத்தினாள். எங்கள் வீட்டில் இனி மூன்று பதில்தான் என்றாள். ஓம். இல்லை. மாமாவிடம் கேட்டு மஃரிபுக்கு முதல் சொல்வேன். ‘பார்ப்பம்’ என்று யாராவது சொன்னால் அதற்கு ‘இல்லை’ என்று அர்த்தம். மூத்தவன் அதைத் தன் தொலைபேசியில் எழுதிக்கொண்டான். வெளியே போகிறவர் எங்கே போகிறார், யாரோடு போகிறார், எத்தனை மணிக்கு வருவார் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். தொலைபேசி கையில் இருக்க வேண்டும். நீரில் இறங்குவதென்றால் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். மருமகள் கையை உயர்த்தி, “மாமி, எனக்கு மீன் தலை வேண்டாம், இது சொல்லலாமா?” என்று கேட்டாள். பதினைந்து நாளாக அந்தப் பிள்ளை மரியாதைக்காக மீன் தலையைத் தின்றிருக்கிறது.

அந்தக் கிழமையே எல்லோரும் புறாத்தீவுக்குப் போனோம். நிலாவெளிக் கரையிலிருந்து படகில் கொஞ்ச நேரம்தான். 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட சிறு தீவுகள். மே முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும். மாரிக் காலத்தில் நினைத்தும் பார்க்கக் கூடாது. உயிர்காப்பு அங்கி போட்ட பிறகுதான் படகில் காலை வைத்தோம். முருகைக் கற்களின் மேல் மிதிக்கக் கூடாது என்று படகுக்காரர் சொன்னதைச் சின்னவன் மற்றவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னான். என் மனைவி இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். யுத்த காலத்தில் கடல் மூடியிருந்தது. பிறகு வீட்டு வேலை மூடிவிட்டது. புறாத்தீவை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கண்டாள். கரையோரத்தில் முழங்கால் அளவு நீரில் அபாயாவோடு நின்று, காலைச் சுற்றி ஓடிய சிறு மீன்களைக் குனிந்து பார்த்தபடியே இருந்தாள். அவளை அங்கே கூட்டிப்போக மார்ஸெய்லிலிருந்து பிள்ளைகள் வர வேண்டியிருந்தது.

28ஆம் திகதி காலை மருமகளின் தொலைபேசியில் செய்தி வந்து குவிந்தது. முந்திய இரவு பிரான்ஸின் கல்வி அமைச்சர் கப்ரியேல் அத்தால் தொலைக்காட்சியில் தோன்றி, புதிய பாடசாலை ஆண்டிலிருந்து பாடசாலைகளில் அபாயாவுக்கும் இடமில்லை என்று அறிவித்திருந்தார். எங்கள் மகள்மாரின் அபாயா ஒன்றை அவளுக்குப் பரிசாகக் கொடுக்க மனைவி மடித்து வைத்திருந்தாள். பிள்ளை அதைக் கையில் வாங்கி, முகத்தில் வைத்து மணந்து பார்த்தது. “வீட்டில் போடுவேன், பள்ளிக்குப் போடுவேன்” என்றது. நான் வாயைத் திறக்கவில்லை. மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நன்றி தெரிந்தது.

அடுத்த நாள் வான் வந்தது. மூத்தவன் வாசலில் நின்று வலக்கையை நெஞ்சில் வைத்தான். சின்னவனுக்கு அந்தச் சட்டமெல்லாம் இல்லையென்பதால் மாமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்றான். 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்து, கந்தளாயின் பாடசாலைகளிலும் வீடுகளிலும் தஞ்சம் அடைந்த நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. எத்தனை நாள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. திகதி குறித்து வந்து, திகதி குறித்துப் போகிற விருந்தாளி என்பது சமாதானத்தின் ஒரு நிஃமத்.

போன வருடம் ஜூனில் தங்கை மீண்டும் பேசினாள். இந்த முறை நான், “இரு, வீட்டுக்காரிட்ட குடுக்கிறேன்” என்று தொலைபேசியை அடுப்படிக்குக் கொண்டுபோனேன். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

“மதினி, பிள்ளைகள் வரப் போறேன் எண்டு நிக்கிறாங்க. அனுப்பட்டா?”

“ஓம் மச்சி, அனுப்புங்க. ஆனா ரெண்டு கிழமைக்கு. மூணு கிழமை என்னால ஏலாது. மூத்தவன் வந்தா அடுப்படியில எனக்கு உதவி வேணும். மகள் வரக்குள்ள நல்ல தையல் நூல் கொஞ்சம் குடுத்து விடுங்க, இங்க விலை கூட.”

மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு தங்கை சிரித்தது எனக்கும் கேட்டது.

“என்ன நிறம் மதினி?”

“வெள்ளையும் கறுப்பும்” என்றாள் மனைவி.